விளையாட்டுக்கு நிறமில்லையாம்!

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று மேடையேறும் சிறப்பு விருந்தினர் எத்துறையினராயினும், எக்கட்சியினராயினும், ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்: "விளையாட்டுக்கு இனமில்லை, நிறமில்லை, மொழியில்லை!" வெயிலில் வரிசை பிடித்து நிற்கும் மாணவர் கைதட்டுவர். கூடாரத்து நிழலில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களாகிய நாமும் தட்டுவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் தட்டியிருக்கிறேன். இனித் தட்டுவதாக இல்லை.

பந்துக்கு நிறமில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தப் பந்து உருளத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே ஓர் அறையில் சிலர் கூடியமர்ந்து விதிமுறை நூல் ஒன்றை எழுதி முடித்துவிடுகின்றனர். எந்தப் பள்ளி உறுப்பினர் ஆகலாம், எது ஆகலாகாது என்பது அந்நூலின் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. நாம் திடலைப் பார்க்கிறோம். அந்த நூலைப் பார்ப்பதில்லை. வென்றவர் யார் என்று கேட்கிறோம். ஆட வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

இதனை எழுதத் தூண்டியது ஆசிரியர் ஒன்றுகூடல் ஒன்றில் எழுந்த சொற்போர். மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர் எழுந்து, "அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பாருங்கள், தனிப்பள்ளியையும் தனிப்போட்டியையும் விட்டொழித்துப் பெருவெள்ளத்தில் கலந்தார்கள், உலகப் புகழ் பெற்றார்கள்" என்றார். இன்னொருவர் வெகுண்டெழுந்து, "கலந்தார்கள், கரைந்தும் போனார்கள், அதையும் பாருங்கள்" என்றார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. இருவரும் அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தையாவது புரட்டியிருப்பார்களா என்பது ஐயமே. ஆகவே டெக்சஸ் மாநிலத்து உயர்நிலைப்பள்ளிகளின் போட்டிக் கழகங்கள் எவ்வாறு தோன்றின, எவரைச் சேர்த்தன, எவரைத் தள்ளின என்பதை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். டெக்சஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பல இடங்களில் வழக்கமாக மட்டும் நிலவிய ஒன்று, அங்கே எழுத்தில் இருந்தது.

1910ஆம் ஆண்டு டிசம்பரில் அபிலீன் நகரில் கூடிய மாநில ஆசிரியர் மாநாட்டில்தான் அக்கழகத்தின் வித்து ஊன்றப்பட்டது. அது விளையாட்டுக் கழகமாகப் பிறக்கவில்லை என்பது நம் போன்றோர்க்குச் சுவையான செய்தி. உயர்நிலைப்பள்ளி மாணவரின் சொற்போர்க் கழகமாகவே பிறந்தது. நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழாசிரியர்களைப் போன்ற ஆசிரியர்கள்தாம் அதனைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் தடகளப் போட்டிகளும் அதனோடு இணைந்தன. பல்கலைக்கழகப் பள்ளியிடைக் கழகம் என்னும் பெயரும் அமைந்தது. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமே அதன் தாய்வீடு. இக்கட்டுரையில் அதனை ஆஸ்டின் கழகம் என்றே குறிப்பேன்.

அக்கழகத்தின் அமைப்பு அறிவார்ந்த அமைப்பு. அதனை ஒப்புக்கொள்ளாமல் வாதிடுவது முறையன்று. மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிகளைத் தரம் பிரித்தனர். பெருநகரப் பள்ளி பெருநகரப் பள்ளியோடும், சிற்றூர்ப் பள்ளி சிற்றூர்ப் பள்ளியோடும் மோதும். வட்டாரத்தில் வென்றோர் மண்டலத்துக்கும், அங்கு வென்றோர் மாநிலத்துக்கும் செல்வர். வயது கடந்தவர்களையும், ஆட்டத்துக்காகவே ஊர் மாறி வந்தவர்களையும் தடுக்க விதிகள் வகுத்தனர். அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் உதைத்தாடும் காற்பந்தன்று, ரக்பியின் உடன்பிறப்பு, அணிக்குப் பதினொருவர் வேண்டும். பதினொரு பையன்களைத் திரட்ட இயலாத சிற்றூர்கள் பல. அவற்றுக்கு என்ன செய்தனர்? பள்ளியை மூடச் சொல்லவில்லை. பக்கத்தூர்ப் பள்ளியோடு சேரவும் சொல்லவில்லை. ஆட்டத்தையே மாற்றினர்! அணிக்கு அறுவர் ஆடும் காற்பந்தை 1930களில் ஏற்றுக்கொண்டு, அச்சிறு பள்ளிகளுக்கெனத் தனிப்பிரிவே அமைத்துவிட்டனர். இன்றும் மேற்கு டெக்சஸின் பருத்திக்காட்டு ஊர்களில் அறுவர் ஆட்டம் நடைபெறுகிறது.

ஆசிரியப் பெருமக்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்காக ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றத் துணிந்த அதே கழகம், நூற்றுக்கணக்கான மாணவர் பயின்ற ஹூஸ்டன், டல்லஸ் நகரத்துக் கறுப்பினப் பள்ளிகளுக்கு இடம் காண இயலாதென்றது. அதன் விதியில் உறுப்பினராகத்தக்க பள்ளிக்கு இரண்டு அடைமொழிகள் இருந்தன. ஒன்று, பொதுப்பள்ளி, மற்றொன்று, வெள்ளையர் பள்ளி. அந்த இரண்டாம் அடைமொழிக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1922 முதல் 1948 வரை அக்கழகத்தின் இயக்குநராக விளங்கியவர் ராய் பெடிசெக். பறவைகளையும் காடுகளையும் பற்றி அழகுற எழுதியவர். டெக்சஸ் இலக்கிய வட்டத்தில் பெருமதிப்புப் பெற்றவர். மாணவர் தகுதி விதிகளைச் செப்பமுற அமைத்தவரும் அவரே. இருபத்தாறு ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தார். அந்த அடைமொழியும் இருந்தது. எழுத்தாளராக இருப்பதே ஒருவரின் கண்ணைத் திறந்துவிடும் என்று நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோமே, அதனால் இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

தள்ளப்பட்டவர் என்ன செய்தனர்? 1920இல் கறுப்பினப் பள்ளிகளுக்கெனத் தனிக்கழகம் ஒன்று தோன்றியது. 1923இல் அது பிரேரி வியூ கல்லூரியின் பொறுப்புக்கு வந்தது. கறுப்பின மாணவருக்கென அரசு நடத்திய கல்லூரி அது. கறுப்பினப் பள்ளிகளின் ஆசிரியர் பலர் அங்கே உருவானவரே. அதன் பெயரையே தாங்கிய பிரேரி வியூ பள்ளியிடைக் கழகம், உச்ச நிலையில் ஏறத்தாழ 500 பள்ளிகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. ஓட்டம், காற்பந்து, கூடைப்பந்து மட்டுமல்ல. பேச்சும் இசையும் அதன் போட்டிகளில் இடம்பெற்றன. ஆஸ்டின் கழகத்துக்கு இருந்த உறுப்புகள் யாவும் இதற்கும் இருந்தன; பணம் மட்டும் இல்லை.

டெக்சஸில் வெள்ளிக்கிழமை இரவு என்பது பள்ளிக் காற்பந்தின் திருவிழா இரவு. ஊரே விளக்கொளியில் திரளும். அந்த வெள்ளி இரவுகளில் நகரத்து விளையாட்டரங்குகள் வெள்ளையர் பள்ளிகளுக்கே உரியன. ஆதலின் கறுப்பினப் பள்ளிகள் புதன் இரவிலும் வியாழன் இரவிலும் ஆடின. மறுநாள் பள்ளி உண்டு என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. வெள்ளையர் பள்ளியில் தேய்ந்து கழிக்கப்பட்ட தலைக்கவசமும் தோள்காப்பும் இவர்கள் கைக்கு வந்தன. எனினும் ஹூஸ்டனில் ஜேக் யேட்ஸ் பள்ளியும் ஃபிலிஸ் வீட்லி பள்ளியும் ஆண்டுதோறும் நன்றி நவிலும் நாளில் மோதிய ஆட்டத்தைக் காண 30,000 பேருக்கு மேல் திரண்டதுண்டு. இரு உயர்நிலைப்பள்ளிகளின் ஆட்டத்துக்கு அத்துணைப் பெருங்கூட்டம்! அணிவகுப்பும் இன்னிசையும் புத்தாடையுமாக அந்நாள் ஓர் இனத்தின் பெருநாளாகவே அமைந்தது. "விளையாட்டுக்கு நிறமில்லை" என்பவர், அந்த வியாழக்கிழமைகளுக்கு என்ன விளக்கம் தருவார்?

அக்கழகம் ஈன்ற ஆட்டக்காரரின் பட்டியல் நீளமானது. பேஸ்பால் ஆட்டத்தில் சிகாகோ நகரின் செல்லப்பிள்ளையான எர்னி பேங்க்ஸ் டல்லஸ் நகரின் புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி மாணவர். தொழில்முறைக் காற்பந்தில் எதிரணியை நடுங்கவைத்த ஜோ கிரீன் டெம்பிள் நகரின் டன்பார் பள்ளியில் ஆடியவர். பப்பா ஸ்மித் போமாண்ட் நகரில் தம் தந்தையிடமே பயிற்சி பெற்றவர். தம் மாநிலத்தின் பெரும் பல்கலைக்கழகங்கள் அவரை ஏற்காத காலம். எனவே வடக்கே மிச்சிகனுக்குச் சென்றார். 1967இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதலாமவராக எடுக்கப்பட்டார். பெயர்களை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன். பட்டியல் ஒப்பிப்பது என் நோக்கமன்று.

ஆனால் தமிழாசிரியர்க்காக ஒரு பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். மேற்கூறிய வீட்லி பள்ளி, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு ஆங்கிலத்தில் கவிதை எழுதிய பெண்ணொருத்தியின் பெயரைத் தாங்கியது. அப்பள்ளியில் பயின்று, மாணவப் பருவத்திலேயே சொற்பொழிவுக்குப் பரிசுகள் வென்றவர் பார்பரா ஜார்டன். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிபர் நிக்சன் மீதான குற்றச்சாட்டுகள் 1974 ஜூலையில் விசாரிக்கப்பட்டபோது, அரசியல் சட்டத்தை முன்வைத்து அவர் நிகழ்த்திய உரையை நாடே அமைதியாகக் கேட்டது. அந்தக் குரல் உருவாகிய நாளில், ஆஸ்டின் கழகத்தின் சொற்போர் மேடையில் ஏற அவருக்கு உரிமை இல்லை. சொற்போருக்காகவே பிறந்த கழகம் அது என்பதை மறந்துவிடலாகாது.

1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நிறவாரிப் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பதினொரு ஆண்டுகள் அந்த அடைமொழி அசையவில்லை. 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, நிறவேறுபாடு காட்டும் அமைப்புகளுக்கு அரசின் பணம் நிற்கும் என்ற அச்சம் பிறந்தது; 1965இல் அடைமொழி நீக்கப்பட்டது. மனச்சாட்சி உறுத்தி நீக்கினர் என்று எவரேனும் கூறினால், அந்த மனச்சாட்சி வரவுசெலவுக் கணக்கோடு சேர்ந்தே விழித்தது என்பதையும் சேர்த்துக் கூறட்டும். 1967-68 கல்வியாண்டு முதல் கறுப்பினப் பள்ளிகள் ஆஸ்டின் கழகத்தின் போட்டிகளில் பெருமளவில் பங்கேற்றன. 1970இல் பிரேரி வியூ கழகம் மறைந்தது.

என் முதல் நண்பர் இவ்விடத்தில் கதையை முடித்துக்கொள்வார். கதவு திறந்தது, உள்ளே சென்றார்கள், சுபம்! ஆனால் உள்ளே சென்றவர் யார், வெளியே நின்றுவிட்டவர் யார் என்று பார்க்க வேண்டாவா?

மாணவர் உள்ளே சென்றனர். வேகமாக ஓடும் கால்கள் எல்லாருக்கும் வேண்டியிருந்தன. பயிற்சியாளர் பலரின் கதை வேறு. இருபது ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், இணைந்த பள்ளியில் துணைப் பயிற்சியாளர் ஆனார். சிலர் வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிலர் அத்தொழிலையே துறந்தனர். பள்ளிகள் இணைக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. ஃபோர்ட் வொர்த் நகரின் ஐ. எம். டெரல் உயர்நிலைப்பள்ளி 1973இல் மூடப்பட்டது. அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த ராபர்ட் ஹியூஸ், பிரேரி வியூ கழகத்தில் 1963, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாநில வாகை சூடிய அணிகளை உருவாக்கியவர். பள்ளி மூடப்பட்டதும் அதே நகரின் டன்பார் பள்ளிக்குச் சென்று 2005 வரை பணியாற்றினார். 1,333 வெற்றிகளோடு ஓய்வுபெற்று, 2017இல் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். அவருக்குத் தொடர்ந்து ஓர் அணி கிடைத்தது; ஆகவே அவர் எத்தகையவர் என்பதை உலகம் அறிந்தது. அணி கிடைக்காமற்போன மற்றவர் எத்தகையவர் என்பதை எந்தப் புள்ளிவிவரம் நமக்குச் சொல்லும்?

போமாண்ட் நகரின் ஹெபர்ட் பள்ளியைப் பாருங்கள். பிரேரி வியூ கழகத்தில் புகழ் பெற்ற பள்ளி அது. தென்மேற்குப் பல்கலைக்கழகக் குழுமத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினக் காற்பந்து வீரரான ஜெரி லிவாயஸ் அங்குப் பயின்றவரே. ஹெபர்ட் புதிய கழகத்துக்கு வந்தது. 1976இல் மாநில வாகையும் சூடியது. திறமை இருந்தால் எவரும் அழிக்க முடியாது என்பாருக்கு அது போதிய சான்றன்றோ? போதாது. 1982இல் பக்கத்திலிருந்த வெள்ளையர் மிகுந்த பள்ளியோடு அது இணைக்கப்பட்டது. இணைந்த பள்ளிக்குப் புதுப்பெயர்; முதலாண்டிலேயே அது மாநில வாகை சூடியது. ஆட்டக்காரர் இருந்தனர், வெற்றி இருந்தது, ஹெபர்ட் என்னும் உயர்நிலைப்பள்ளிதான் இல்லை.

மேலும் ஒன்று. நீண்ட காலம் ஆஸ்டின் கழகத்தின் வரலாற்றேட்டில் 1970க்கு முந்திய மாநில வாகையர் பட்டியல் வெள்ளையர் பள்ளிகளின் பட்டியலாகவே இருந்தது. 1967இல் டெரல் பள்ளி பெற்ற வாகை எங்கே? அது ‘வேறு கழகத்தின்’ வாகை! வேறு கழகத்தில் ஏன் ஆடினார்கள் என்ற வினாவுக்கு விடை தம்முடைய விதிமுறை நூலிலேயே இருந்ததை அவர்கள் மறந்தனர் போலும். முன்னாள் பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் சங்கம் அமைத்து, பெயர்களைத் திரட்டி, நெடுநாள் வேண்டிக்கொண்ட பின்னரே, நம் நூற்றாண்டில் அந்தப் பதிவுகள் ஏற்கப்பட்டன. அடைமொழியை நீக்க ஒரு வாக்கெடுப்புப் போதுமானதாயிற்று. பதிவேட்டைத் திருத்த ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

இப்போது என் இரண்டாம் நண்பர் முகம் மலர்வார். "நான் சொன்னேனல்லவா? தனித்தே இருந்திருக்க வேண்டும்" என்பார். அவரோடும் எனக்கு உடன்பாடில்லை. வியாழன் இரவுகளின் புகழைப் பாடுவது எளிது. தேய்ந்த தலைக்கவசத்தோடு ஆடி மண்டை அடிபட்ட பையனின் தாயைக் கேட்டால் அவர் வேறு பாடுவார். பிரேரி வியூ கழகம் விரும்பிக் கட்டிய வீடன்று. தெருவில் விடப்பட்டோர் கட்டிக்கொண்ட வீடு. அதைச் செம்மையாகக் கட்டினார்கள் என்பது அவர்கள் பெருமை; தெருவில் விட்டவர்க்கு அது சாக்காக முடியாது. அந்த அடைமொழி நீக்கப்பட்டது சரி. அது நீக்கப்பட்ட முறையிலேதான் பிழை. இரு கழகங்களும் அமர்ந்து பேசிப் புதியதொரு கழகத்தை ஆக்கவில்லை; ஒரு கழகம் நிலைத்தது, மற்றது மறைந்தது. நிலைத்ததன் பெயர், அலுவலகம், பதிவேடு, விதி யாவும் அப்படியே இருந்தன. வந்து சேர்ந்தவர் தம் பெயரையும் பதிவேட்டையும் வாசலில் விட்டுவர வேண்டியிருந்தது. இதற்கு இணைப்பு என்று பெயரிடுவது தமிழுக்கே இழுக்கு.

ஒரு சொல் போனதால் எல்லாம் தீர்ந்ததென்றும் எண்ண வேண்டா. பொதுப்பள்ளி என்ற முதல் அடைமொழி நெடுநாள் நின்றது. தனியார் பள்ளிகளும் சமயப் பள்ளிகளும் தமக்கெனக் கழகங்கள் அமைத்துக்கொண்டன. 1978இல் தோன்றிய டெக்சஸ் தனியார் பள்ளிகளின் கழகம் அவற்றுள் பெரியது. ஹூஸ்டன் பகுதி இசுலாமியப் பள்ளி ஒன்று அதில் சேர விண்ணப்பித்தது. குர்ஆன் பற்றியும், கிறித்துவர் மிகுந்த அமைப்பில் சேர விரும்புவது ஏன் என்பது பற்றியும் வினாக்கள் அதனிடம் தொடுக்கப்பட்டன. 2010இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பந்து எறியத் தெரியுமா என்று கேட்க வேண்டிய இடத்தில் வேதத்தின் பொருள் கேட்டிருக்கிறார்கள்! 2012இல் செய்தித்தாள்கள் இதனை எழுதின. அதே ஆண்டில் அக்கழகத்தின் உறுப்பினரான யூதப் பள்ளி ஒன்று கூடைப்பந்தில் மாநில அரையிறுதிக்கு வந்தது. ஆட்டம் வெள்ளி இரவில், அவர்தம் ஓய்வுநாள் தொடங்கிய பின்னர். நேரத்தை மாற்ற முதலில் மறுத்தனர். பெற்றோர் நீதிமன்றம் சென்ற பின்னரே ஆட்டம் பிற்பகலுக்கு மாறியது. பையன்கள் அரையிறுதியில் வென்று, ஓய்வுநாள் முடிந்த சனி இரவில் இறுதியாட்டத்தில் தோற்றனர். தோற்றது பெரிதன்று, ஆடித் தோற்றார்கள். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது ஒன்று; சேர்ந்தவர் தாமாகவே இருந்து ஆட வழி செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதுதான் நம் கூட்டங்களிலும் நடக்கும் மயக்கம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். டெக்சஸ் கறுப்பினப் பள்ளியையும் மலேசியத் தமிழ்ப்பள்ளியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக் கைதட்டல் வாங்குவதை இரு நண்பர்களும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே 1876ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டமே பிள்ளைகளை நிறவாரியாகப் பிரித்தது. இங்கே தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதும் தேசியப்பள்ளிக்கு அனுப்புவதும் பெற்றோரின் விருப்பம். தமிழ்வழி இடைநிலைப்பள்ளி நமக்கு இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்கே செல்கின்றனர். அங்குள்ள அணியிலேயே ஆடுகின்றனர். ஆகவே ‘கலப்பதா வேண்டாவா’ என்பது நம் முன் உள்ள வினாவே அன்று. நம் வினா வேறு: மாணவர் குறைந்த பள்ளியை என்ன செய்வது, இணைக்கத்தான் வேண்டுமென்றால் எந்த முறையில் இணைப்பது?

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைய எண்ணிக்கை 500ஐச் சற்றே கடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, மக்கள் நகருக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. அவற்றுள் பல மூடவேண்டியவையே என்பதை மறுக்கவில்லை. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். அத்தகைய பள்ளியில் பதினொருவர் அணி திரட்டுவது எத்துணைக் கடினம் என்பதை அங்குப் பணியாற்றியவர் அறிவர். நான்காம் ஆண்டுப் பையனைப் பெரியவர்களோடு நிறுத்தி, பத்துக் கோல் வாங்கித் திரும்பிவந்து, "பங்கேற்றதே பெருமை" என்று நாமே நமக்குச் சான்றிதழ் வழங்கிக்கொள்கிறோம்.

அப்பள்ளிகளின் பேரால் கேட்கிறேன். பதினொருவர் இல்லையென்றால் பள்ளி தவறா, ஆட்டத்தின் அளவு தவறா? அறுவர் ஆட்டம் டெக்சஸின் பருத்திக்காட்டுக்கு ஆகுமென்றால் நம் செம்பனைக்காட்டுக்கு ஆகாதா? மாவட்டப் போட்டி நடத்தும் குழுக்களில் நம் தலைமையாசிரியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சிறு பள்ளிகளுக்கெனத் தனிப்பிரிவு வேண்டுமென்றோ, பக்கத்துப் பக்கத்துச் சிறு பள்ளிகள் இரண்டு ஓரணியாக இரு பெயரோடும் களமிறங்க விதி வேண்டுமென்றோ எத்தனை பேர் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்? போட்டிக்கு வந்த பின் நடுவரோடு வாதிடுவதில் காட்டும் வீரத்தில் பாதியையாவது விதி எழுதும் கூட்டத்தில் காட்டினால் என்ன?

பள்ளி இணைக்கப்படும் நாளில் கேட்க வேண்டியவையும் உண்டு. பழைய பள்ளியின் பதிவேடு யாரிடம்? அதன் பெயர் புதிய கட்டடத்தின் ஒரு மூலையிலாவது, ஓர் இல்லத்தின் பெயராகவேனும் வாழுமா? அதன் ஆசிரியர் புதிய பள்ளியில் எந்த நிலையில் அமர்வர்? தளவாடக் கணக்கெடுக்கும் அதிகாரி மேசை நாற்காலிகளை எண்ணுகிறார். கிண்ணங்களையும் கேடயங்களையும் எண்ணுவதில்லை. எண்ணச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொன்னோமா?

நான் படித்த தோட்டப் பள்ளி மூடப்பட்டபோது, மாவட்டத் தொடர் ஓட்டத்தில் வென்ற மரக்கேடயம் ஒன்று பழைய தாள்களோடு சாக்கு மூட்டையில் கிடந்தது. குப்பை வண்டி வருவதற்கு முன் பள்ளித் தோட்டக்காரர் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஓடிய நால்வரின் பெயரும் அதன் வெள்ளித்தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவர் அந்தத் தோட்டக்காரரே. மாணவரை ஏற்றுக்கொண்ட பள்ளிக்கு அதை மூன்று முறை எடுத்துச் சென்றேன். காட்சிப் பேழையில் இடமில்லை என்றார்கள். அடுத்த மாதம் நான்காம் முறையாகப் போகிறேன். இம்முறை ஒரு பேழையும் செய்வித்து எடுத்துப் போகிறேன்.